நித்திரையில் கிடைத்த ஊர்

ஆஸ்பத்திரியில் பிரசவப் பகுதிக்கு வெளியே, சுவரோரமாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரைகளில் எங்கள் வீட்டு ஆண்கள் வரிசையாக இருந்தார்கள். குகன் மடியில் ரைஸ் குக்கர். மணியண்ணை கையில் ஃபிளாஸ்க். றெஜி ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். எல்லோரிடமும் மீன் மணம்.

கதவைத் திறந்துகொண்டு ஒரு தாதி வந்தார். வரிசையை இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல்வரை பார்த்தார். உங்களில் யார் ஃபாதர் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

சீருடை போட்ட ஒருவர் வாயைத் திறந்தால் முதலில் எழுந்து நிற்பது, அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளைஞர்களுக்கு உடம்பில் ஊறிப்போன பழக்கம். கேள்வி என்னவென்பது பிறகுதான் காதில் விழும். தாதிக்கு அது எப்படித் தெரியும்? தன் பலவருட வேலையில் இப்படி ஒரு நிலைமையைச் சந்தித்ததில்லை என்று அவரே என்னிடம் பின்னர் சொன்னார்.

நான் அப்போது கதவுக்கு உள்ளே வேறு வேலையாக இருந்தேன். வெளியே நடந்ததைப் பலர் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். தாதி சொன்னதைத்தான் நான் நம்புகிறேன். மற்றவர்களில் ஒவ்வொருவரும் தான் ஒருவன்தான் நிதானமாக இருந்ததாகச் சொல்கிறார்.

ஹரோக்காரரின் கேள்வி

இந்தக் கதையைத் தொடங்கவேண்டி வந்ததே ஒரு தொலைபேசி அழைப்பால். போன கிழமை இந்தத் தொடரைப் படித்துவிட்டு லண்டனின் வடமேற்கே ஹரோவில் இருக்கும், ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் கூப்பிட்டார். லண்டனில் தமிழர்கள் குடியேறிய இடங்களைப் பற்றி எழுதப்போகிறாராம். நகரின் கிழக்கே நாங்கள் இருக்கும் குட்மேய்ஸில் முதலில் குடியேறியவர் யார், என்ன காரணத்துக்காக அந்த இடத்தைத் தெரிவு செய்தார் என்று கேட்டார்.

ஹரோவைத் தாங்கள் தெரிவு செய்த விதத்தையும் விளக்கினார். நல்ல பள்ளிக்கூடங்கள், மெட்ரோபொலிட்டன் ரயில், ஒற்றைச் சுவரில் ஒட்டி நிற்கும் இரட்டை வீடுகள், பின்னுக்குத் தோட்டம். டொக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் பலமுறை கூடிப் பேசி எடுத்த முடிவாம்.

நான் உண்மையைச் சொன்னேன்.

"எங்கட ஆள் நித்திரையாப் போனவர்."

"அடடா. எப்ப தவறினவர்?"

"தவறேல்லை. ரயில்ல நித்திரையாப் போனவர்."

அவர் அதை எழுதிக்கொண்டாரா என்று தெரியவில்லை. இங்கே நான் எழுதிவைக்கிறேன்.

மணியண்ணையின் முழுப்பெயர் சுப்பிரமணியம். எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்து, நகரின் நடுவே ஒரு பெற்றோல் ஸ்ரேஷனில் இரவு ஷிப்ட் செய்துகொண்டிருந்தார். இல்போர்டில் ஒரு நண்பர் அவருக்கு அறை பார்த்து வைத்திருந்தார். ஒரு குளிர்காலக் காலை, வேலை முடிந்த கையோடு உடுப்புப் பையையும் தூக்கிக்கொண்டு லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறினார். ரயிலுக்குள் நல்ல சூடு. இல்போர்ட் வந்தது, போனது. அடுத்த ஸ்ரேஷன் செவன் கிங்ஸும் வந்தது, போனது. மணியண்ணை வாயைத் திறந்தபடி நித்திரை.

யாரோ அவருடைய பையில் கால் தடக்கி விழப்போன சத்தத்தில் விழித்தார். எந்த இடம் என்று பாராமல் குதித்து இறங்கினார். பலகையில் குட்மேய்ஸ் என்று இருந்தது. திரும்பிப் போகும் ரயில் தாமதம் என்றார்கள். பிளாட்பாரத்தில் காற்று காதை வெட்டியது. உடம்பைச் சூடாக்க வெளியே வந்து நடந்தார். ஒரு பத்திரிகைக் கடையின் கண்ணாடியில் வாடகைக்கு அறை என்று ஒரு மட்டை ஒட்டியிருந்தது. அவ்வளவுதான். குட்மேய்ஸ் தமிழ்க் குடியேற்றம் அந்த நிமிடம் தொடங்கியது.

இல்போர்ட் நண்பர் கொஞ்சக் காலம் கோபமாக இருந்துவிட்டுப் பிறகு தானும் அந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தார். அவர்தான் ரைஸ் குக்கர் குகன்.

பின்னாளில் யார் கேட்டாலும் மணியண்ணை, காற்றோட்டம் பார்த்துத்தான் இந்த இடத்தை எடுத்ததாகச் சொல்வார். கேட்டவர்களும் தலையாட்டுவார்கள். காற்றோட்டம் பற்றி யாரும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் அந்த வீட்டு யன்னல் ஒன்றும் சரியாகச் சாத்தாது.

திருவலைகள் நிறைய, தேங்காய் இல்லை

நான் வந்து சேர்ந்தபோது அந்த வீட்டில் ஏழெட்டு ஆண்கள் இருந்தார்கள். சரியாக எத்தனை பேர் என்று அவர்களுக்கே தெரியாது. ஒருவர் வேலைக்குப் போகும்போது இன்னொருவர் வேலையால் வந்து அதே கட்டிலில் படுப்பார். கட்டில்கள் ஆறியதே இல்லை.

அவர்களில் ஒருவருக்கு நான் மனைவி. இந்தத் தொடர் முழுக்க நான் 'இவர்' என்று எழுதுவது அவரைத்தான். ஊரில் கல்யாண எழுத்து, அதாவது பதிவு, முடிந்த கையோடு இவர் முன்னால் வந்துவிட்டார். நான் ஒரு வருடம் கழித்து வந்தேன். அந்தத் தெருவுக்கு வந்த முதல் தமிழ்ப் பெண் நான்.

என்னை வரவேற்க வீட்டைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். படிக்கட்டின் கீழ் தேங்காய் துருவுகிற திருவலைகள் சைக்கிள் நிறுத்தியதுபோல் வரிசையாக நின்றன. ஒவ்வொருவருக்கும் தாய் ஒவ்வொன்று கட்டிக் கொடுத்துவிட்டிருக்கிறார். குட்மேய்ஸில் அப்போது தேங்காய் கிடையாது.

அந்த ஆண்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. மாதக்கணக்காகப் பாணும் அவித்த முட்டையும் தின்றவர்களின் பார்வை. நாளையிலிருந்து சோறு கறி என்று மனதுக்குள் பந்தி போட்டுவிட்டார்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்தவள். தேங்காயின் இலத்தீன் பெயர் தெரியும். சம்பல் போடத் தெரியாது.

அடுத்த நாள் பருப்பு வைத்தேன். முதல் போட்டதோடு எல்லோரும் எழுந்து கைகழுவப் போனார்கள். றெஜி மட்டும் இன்னும் கொஞ்சம் கேட்டான். மன்னாரிலிருந்து வந்தவன், எங்கள் வீட்டின் ஒரே கத்தோலிக்கன், ஒரு மீன் வியாபாரியின் வானை ஓட்டிக்கொண்டிருந்தான். ஏன் திரும்பக் கேட்டாய் என்று பின்னாளில் விசாரித்தேன். அது தவக்காலம், அக்கா, என்றான்.

அதற்குப் பிறகு அந்தக் குசினியில் தனியாளாக யாரும் சமைக்கவில்லை. நான் அடுப்பில் சட்டியை வைத்ததும் வீட்டிலிருப்பவர்கள் எல்லோரும் வந்து நிற்பார்கள். வெந்தயம் முதலில் போடவேண்டும் என்பார் ஒருவர். தங்கள் பக்கத்தில் கடைசியில்தான் போடுவது என்பார் மற்றவர். வாக்குவாதம் முடிவதற்குள் வெங்காயம் கருகிவிடும். கருகிய வெங்காயம் எந்தப் பக்கத்து வழக்கம் என்று மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

ஒருநாள் செத்தல் மிளகாய் வறுத்தோம். தூள் இடிக்கவேண்டும் என்பது குகனின் ஆசை. புகை யன்னலால் வெளியேறி அடுத்த வீட்டுக்குள் போனது. அந்த வீட்டில் ஜோர்ஜ் என்ற வெள்ளைக்காரர் தனியாக இருந்தார். தீயணைப்புப் படையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தீயணைப்புச் சிலிண்டரோடு வேலியால் ஏறிக் குதித்து, எங்கள் குசினிக்குள் புகுந்து, சட்டியையும் மிளகாயையும் மணியண்ணையின் நெஞ்சுப் பகுதியையும் வெள்ளை நுரையால் மூடிவிட்டார்.

மன்னிப்புக் கேட்டு அவருக்கு ஒரு தட்டில் சோறு கொடுத்தோம். மூக்கால் தண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டார். அதன்பிறகு கிழமைக்கு ஒருமுறையாவது வேலிப்பக்கம் நின்று, ஏதாவது எரிகிறதா என்று ஆவலோடு கேட்பார்.

பேப்பர் ஒட்டிய யன்னல்கள்

சிரிக்கச் சிரிக்க எழுதினாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அந்த வீட்டில் யன்னல் சீலை கிடையாது. பழைய செய்தித்தாள்களை ஒட்டி வைத்திருந்தோம். வாங்க வசதியில்லாமல் அல்ல. சீலை வாங்கினால் இருக்கப்போகிறோம் என்று அர்த்தமாகிவிடும். ஊரில் நிலைமை சீரானதும் திரும்பிவிடலாம் என்று எல்லோரும் நம்பினார்கள், அல்லது நம்புவதாகச் சொன்னார்கள். தைப்பொங்கலுக்குப் போகலாம் என்பார்கள். தை வந்ததும் சித்திரைக்கு என்பார்கள். ஊரிலிருந்து வரும் செய்தியைக் கேட்ட பிறகு கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள்.

நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். கில் என்ற பஞ்சாபிக்காரர், தலைப்பாகையோடு நிலைப்படியில் குனிந்து வரும் அளவுக்கு உயரமானவர். மகனுக்குக் கல்யாணம் ஒழுங்காகியிருக்கிறது, வீடு வேண்டும், வசந்தகாலத்துக்குள் விட்டுத்தந்தால் நல்லது என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

ஒருவரும் வருத்தத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. எப்படியும் நிரந்தரமில்லைத்தானே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மணியண்ணைக்கு ஹரோவில் ஒரு அக்கா. தம்பியைப் பக்கத்தில் வைத்துத் திருத்தி, ஒரு கல்யாணத்தையும் செய்துவைக்க நீண்டநாளாகத் துடித்துக்கொண்டிருந்தார். றெஜி ரொறன்ரோ போக ஆயத்தமானான். குகன் எங்கேயோ போகப்போவதாகச் சொன்னார், எங்கே என்று சொல்லவில்லை. எங்களுக்கு நகரின் தெற்குத் தொங்கலில், சட்டனில் இவருடைய மச்சான் ஒருவர் ஓர் அறை பார்த்திருந்தார்.

பிள்ளை பிறக்க மூன்று கிழமை இருக்கும்போது, ஒருவரையும் தெரியாத சட்டனுக்கு நான் போகவேண்டும். கொஞ்சநாளாகக் குசினியில் வாக்குவாதமே இல்லை. வெந்தயத்தை எப்போது போட்டாலும் சரி என்றார்கள். அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

மீன் வானில் குடிபெயர்வு

வீடு மாறும் நாள் ஒரு சனிக்கிழமை. றெஜி முதலாளியிடம் கேட்டு வானைக் கொண்டுவந்தான். எவ்வளவு கழுவியும் மணம் போகவில்லை. இவர் காலையிலேயே ரயிலில் சட்டனுக்குப் புறப்பட்டார், அங்கே திறப்பை வாங்கி அறையைத் திறந்து வைக்க. மற்றவர்கள் சாமான் ஏற்றினார்கள். வீட்டுத் திறப்பை ஜோர்ஜிடம் கொடுத்து, கில் வந்தால் கொடுத்துவிடச் சொன்னோம்.

நடைபாதையில் கடைசிக் கதிரையைப் போட்டு என்னை இருத்தியிருந்தார்கள். மெத்தையை நிமிர்த்தி வைப்பதா படுக்க வைப்பதா என்று அவர்கள் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தபோது எனக்குத் தண்ணீர்க்குடம் உடைந்தது.

மணியண்ணையைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னேன். அவர் முதலில் மெத்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு வானைப் பார்த்தார்.

"ஏத்தினதை இறக்க நேரமில்லை. தங்கச்சியை முன்னுக்கு ஏத்துங்கோ. மற்ற ஆக்கள் பின்னால பாயுங்கோ."

நான் றெஜிக்குப் பக்கத்தில். மற்ற எல்லோரும் பின்னால், மெத்தைக்கும் அண்டா குண்டாக்களுக்கும் நடுவே. ஏன் எல்லோரும் வரவேண்டும் என்று அந்த நேரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டைப் பூட்டியாகிவிட்டது, வேறு எங்கே போவது?

வான் வளைவில் திரும்பும்போதெல்லாம் பின்னால் கோயில் மணிபோல் பாத்திரங்கள் அடித்தன. மணியண்ணை மெத்தைக்கு அடியிலிருந்து இடப்பக்கம் போ, வலப்பக்கம் போ என்று வழி சொல்லிக்கொண்டே வந்தார். அவர் இருந்த இடத்திலிருந்து ஒன்றும் தெரியாது. றெஜி செபமாலையை ஸ்டியரிங்கில் சுற்றிக்கொண்டு அருள்நிறைந்த மரியே சொன்னான். நான் கத்தும்போது அவனும் சத்தத்தைக் கூட்டினான்.

ஆஸ்பத்திரி வாசலில் என்னைச் சக்கர நாற்காலியில் ஏற்றினார்கள். பிரசவத்துக்கு என்னென்ன தேவைப்படும் என்று தெரியாததால் ஆளுக்கொன்றாகக் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்கள்.

ஒண்டுமில்லை, ஆறுதலா வா

இப்போது அந்தத் தாதியின் கேள்விக்கு வருகிறேன்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். கேள்வி விளங்கியதும் ஒவ்வொருவராகத் திரும்பக் கதிரையில் இருந்தார்கள். றெஜி மட்டும் இருக்கவில்லை. அவனுக்கு ஃபாதர் என்றால் பங்குத் தந்தை ஒருவர்தான். ஆஸ்பத்திரியில் தாதி வந்து ஃபாதரைக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான், உள்ளே யாருக்கோ கடைசி நேரம். அவன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஃபாதர் இங்கே இல்லை, நான் போய்க் கூட்டிவருகிறேன் என்று ஆங்கிலத்தில் விம்மினான்.

தாதி திருப்தியோடு உள்ளே போய்விட்டார். றெஜி ஏன் அழுகிறான் என்று மற்றவர்களுக்கு விளங்கவில்லை. ஆனால் அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று நினைத்தார்கள். குகனும் அழத் தொடங்கினார்.

மணியண்ணை எழுந்து பொதுத் தொலைபேசிக்குப் போனார். சட்டன் மச்சான் வீட்டு இலக்கத்தை அடித்தார். இவர் அங்கே வாசலில் திறப்போடு வான் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பயப்படுத்தக்கூடாது என்று மணியண்ணை குரலை மிகவும் இறக்கிப் பேசினார்.

"ஒண்டுமில்லை. நாங்கள் ஆஸ்பத்திரியில நிக்கிறம். நீ ஆறுதலா வா."

எங்கள் ஆட்களிடம் ஒண்டுமில்லை, ஆறுதலா வா என்று ஒருவர் சொன்னால் என்ன நடந்திருக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஊரில் சாவீட்டுச் செய்தி எல்லாம் இந்த வார்த்தைகளில்தான் வரும். இவர் தொலைபேசியை வைக்காமலே ஓடத் தொடங்கினார். சட்டனிலிருந்து லண்டனின் மறு தொங்கலுக்கு, ரயில் மாறி ரயில் ஏறி, மச்சானின் வீட்டுச் செருப்போடு வந்து சேர்ந்தார்.

வந்தவர் கண்டது, வரிசையாக இருந்து கண்ணைத் துடைக்கும் ஆண்கள். றெஜியின் கையில் செபமாலை. இவர் சுவரில் சாய்ந்து அப்படியே நிலத்தில் சரிந்துவிட்டார். மணியண்ணை பக்கத்தில் குந்தியிருந்து முதுகைத் தடவினார். ஆறுதலுக்காகத்தான் தடவினார். அது இவர் பயந்ததை இன்னும் உறுதிப்படுத்தியது.

அப்போது தாதி திரும்பி வந்தார். ஃபாதர் வந்துவிட்டாரா என்று கேட்டார். நிலத்தில் கிடந்தபடியே இவர் கையை மட்டும் உயர்த்தினார்.

மகள் பிறந்திருக்கிறாள், வாழ்த்துகள் என்றார் தாதி.

இவருக்கு மகள் காதில் விழவில்லை. மனைவி, மனைவி என்று மட்டும் கேட்டார்.

அவர் சோறு கேட்கிறார் என்றார் தாதி.

உண்மைதான், கேட்டேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை. கதவு திறந்தபோது எனக்குக் கேட்டது ஒரு பெரிய அழுகைச் சத்தம், அது என் மகளுடையது அல்ல. இவ்வளவு நாள் வாழ்ந்ததில் என் உயிருக்காக இவர் அழுதது அந்த ஒருமுறைதான், அதையும் ஒரு தவறான செய்தியை நம்பித்தான். இருந்தாலும் நான் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

குகன் ரைஸ் குக்கரோடு எழுந்து, தாழ்வாரத்தில் பிளக் இருக்கும் இடத்தைக் காட்டினார். தாதி அனுமதிக்கவில்லை. பாண் வாட்டித் தந்தார்கள். இவர்கள் எல்லோரும் யார் என்று தாதி கேட்டபோது மணியண்ணை தயங்காமல், தாய்மாமன்மார் என்றார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அந்த முகங்களைத் தாதி பார்த்தார். உங்கள் அம்மாவுக்கு ஓய்வே கிடைத்திருக்காது என்று என்னிடம் வந்து சொன்னார்.

கில் அம்மா

இனி எங்கே போவது? என்னை இன்னும் சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருப்போம் என்றார்கள். இவர் குட்மேய்ஸ் பக்கத்தை விட்டு அசையமாட்டேன் என்றார். சாமான் ஏற்றிய வானோடு எல்லோரும் பழைய தெருவுக்கே திரும்பினார்கள். ஜோர்ஜ் தன் கராஜைத் திறந்துவிட்டார்.

அடுத்த நாள் காலை கில் திறப்பை வாங்க வந்தார். ஜோர்ஜ் எல்லாச் சட்டைப்பைகளையும் தடவிப் பார்த்துவிட்டு, எங்கேயோ வைத்துவிட்டேன், வயது போய்விட்டது என்றார். பிறகு காருக்குள் இருந்த கில்லின் மனைவியிடம் போய், நேற்று இந்த நடைபாதையில் என்ன நடந்தது என்று ஒன்றும் விடாமல் சொன்னார்.

அந்த அம்மா காரால் இறங்கினார். கணவரின் நெஞ்சளவுதான் உயரம். நடு றோட்டில் வைத்துப் பஞ்சாபியில் பேசத் தொடங்கினார். கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்து, கடைசியில் இருவரும் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டார்கள். கராஜ் வாசலில் நின்று மணியண்ணை மற்றவர்களுக்குச் சொன்னார்.

"பாஷை விளங்கேல்லை. ஆனா நாங்கள் வெண்டிட்டம்."

பச்சைப்பிள்ளையும் தாயும் எழும்பி நடமாடும்வரை இருக்கலாம் என்று தீர்ப்பானது. ஜோர்ஜின் சட்டைப்பையிலேயே திறப்பு உடனே கிடைத்தது. நான் வீட்டுக்கு வந்ததும் கில் அம்மா நெய்யும் மாவும் போட்டுச் செய்த பலகாரத்தை ஒரு பெரிய டப்பாவில் கொண்டுவந்து, தன் கண் முன்னால் சாப்பிட வைத்தார். கொஞ்ச மாதத்தில் அவருடைய மகனின் கல்யாணமும் முடிந்தது. மருமகளோ தாய்வீட்டுக்குப் பக்கத்தில், சவுத்தோலில்தான் இருப்பேன் என்றுவிட்டாள். வீட்டை என்ன செய்வது என்று கில்லுக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி அவருக்கு நினைவூட்டவேண்டாம் என்று நாங்களும் முடிவெடுத்தோம்.

முப்பத்தொண்டு, பல்லு, ஏடு

ஹரோ அக்கா ஒவ்வொரு கிழமையும் தொலைபேசியில், எப்போது வருகிறாய் என்று மணியண்ணையைக் கேட்பார். பிள்ளைக்கு முப்பத்தொண்டு முடியட்டும் என்பார் மணியண்ணை. முப்பத்தோராம் நாள் பிரசவத் துடக்குக் கழிக்கும் அந்தச் சடங்குக்கு ஒரு ஐயர் வேண்டும். தேடியதில் பெற்றோல் ஸ்ரேஷன் ஒன்றின் காசாளர் கூண்டுக்குள் ஓர் இளம் ஐயர் அகப்பட்டார். சீருடையோடு வந்து, குளியலறையில் வேட்டி மாற்றினார். மாவிலைக்குப் பதிலாக ஜோர்ஜின் வேலியில் பிடுங்கிய ஏதோ ஓர் இலையைக் கட்டினோம். தாவரவியல்காரி என்ற முறையில் அது மாவிலைக்கு எந்த உறவுமில்லை என்று சொன்னேன். பச்சையாக இருந்தால் சரி அக்கா என்றார் ஐயர். அவருக்குத் தெரு பிடித்துவிட்டது. அடுத்த மாதம் பக்கத்துத் தெருவில் அறை எடுத்தார்.

ஹரோ அக்கா திரும்பக் கேட்டார். பிள்ளைக்குப் பல்லு வரட்டும் என்றார் மணியண்ணை. பல்லுக்கொழுக்கட்டைக்கு அரிசிமாவும் தேங்காயும் வேண்டும். றெஜி விடியற்காலையில் சந்தைக்கு மீன் எடுக்கப் போகும்போது தேடிப் பிடித்து ஒரு சாக்குத் தேங்காய் கொண்டுவந்தான். எல்லாத் திருவலைகளும் வெளியே வந்தன. வானில் தேங்காய் இருக்கிறதாம் என்ற செய்தி எப்படியோ பரவி, எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து கேட்டார்கள். அதன்பிறகு ஒவ்வொரு கிழமையும் கொண்டுவந்தான். முருங்கைக்காய் வந்தது. கருவாடு வந்தது. பிரதான வீதியில் கம்பளி நூல் விற்ற கடை ஒன்று மூடப்பட்டபோது றெஜி அதை எடுத்தான். ரொறன்ரோ என்னாயிற்று என்று கேட்டேன். அங்கே சரியான குளிராம் அக்கா என்று, கையுறை போட்ட கையை ஊதி ஊதிச் சொன்னான்.

கடை வந்ததும் கடைக்குப் பக்கத்தில் வீடு தேடி ஆட்கள் வந்தார்கள். ஆட்கள் வந்ததும் கல்யாணங்கள் வந்தன. ஒவ்வொரு மணப்பெண்ணையும் ஹீத்ரோவுக்குப் போய்க் கூட்டிவருவது என் பொறுப்பு. அவர்களில் ஒருத்திக்கும் சமைக்கத் தெரியவில்லை. வெந்தய வாக்குவாதம் பல குசினிகளுக்குப் பரவியது.

மகள் தாரணிக்கு ஏடு தொடக்கும் வயது வந்தபோது இன்னும் பல பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். ஒரு மண்டபம் தேவைப்பட்டது. றெஜி தன் பங்குத் தந்தையிடம் போய்க் கேட்டான். அவர் கோயில் மண்டபத்தைத் தந்தார், தானும் வந்து கடைசி வரிசையில் இருந்து கடலை சாப்பிட்டார். சரஸ்வதி படத்தைப் பியானோவின்மேல் வைத்தோம். அரிசியில் அ எழுதிய கையோடு, அடுத்த சனிக்கிழமையும் வரட்டுமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். பிள்ளைகள் கேட்டதற்குக் காரணம் கடலை. ஆனால் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு அப்படித்தான் தொடங்கியது.

அந்த வருடத்தில் ஒருநாள் நான் வேலையால் வந்தபோது, மணியண்ணை கதிரையில் ஏறி நின்று யன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த பேப்பரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மடித்தபடி ஒரு பூப்போட்ட யன்னல் சீலை. ஊரிலிருந்து மிகவும் கெட்ட செய்தி வந்த கிழமை அது. நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

எவடம்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹரோவில் ஒரு கல்யாணம். மணியண்ணையின் அக்கா தம்பியை எப்படியாவது வரச்சொல்லிக் கட்டளையிட்டிருந்தார். நோக்கம் கல்யாண வீட்டில் இன்னொரு கல்யாணத்துக்கு அடிபோடுவது. நாங்களும் கூடப் போனோம். மணியண்ணை கழுத்துப்பட்டி கட்டி, தலையை எண்ணெய் வைத்து வாரியிருந்தார்.

பெரிய மண்டபம். டொக்டர்மார், எஞ்சினியர்மார், அவர்களின் காஞ்சிபுரங்கள். அக்கா தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டுபோய், கண்ணாடி போட்ட ஒரு மாமியின் முன் நிறுத்தினார். அந்த மாமிக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தாள். பின்னாளில் அவர்தான் மணியண்ணைக்கு மாமியாரானார், ஆனால் அன்று அது ஒருவருக்கும் தெரியாது.

மாமி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். எங்கள் ஆட்கள் எந்தக் கல்யாணப் பேச்சிலும் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"தம்பி எவடம்?"

மாமி கேட்டது சொந்த ஊரை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய ஊர் கோப்பாய். அவருடைய அப்பாவின் ஊர், அம்மாவின் ஊர் எல்லாவற்றையும் அக்கா தன் வீட்டிலிருந்து மண்டபம்வரை சொல்லிக்கொடுத்துத்தான் கூட்டிவந்திருந்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மணியண்ணை யோசிக்கவே இல்லை.

"குட்மேய்ஸ்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மாமி நெற்றியைச் சுருக்கினார். யாழ்ப்பாணத்தில் தனக்குத் தெரியாத ஒரு ஊர் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் ஆள் அல்ல அவர்.

"அது வடமராட்சிப் பக்கமோ?"

"இல்லை அன்ரி. செவன் கிங்ஸுக்கு அங்கால."

மாமி கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது.

"ஓமோம், எனக்கு வடிவாத் தெரியும். அந்தப் பக்கம் நல்ல தண்ணி."

"ஓம் அன்ரி," என்றார் மணியண்ணை, வெளியே பொழிந்துகொண்டிருந்த மழையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு. "தண்ணிக்குக் குறைவில்லை."